ஓடுகிற லேத்தை உடைத்து விற்ற கதை

பழைய இரும்பு வாங்கி விற்பவனுக்கு ஏலத்தில் எதைப் பார்த்தாலும் எடை மட்டும்தான் தெரிய வேண்டும். அது என்ன பொருள் என்று யோசிக்க ஆரம்பித்தால் சோறு இறங்காது. பழவேற்காட்டில் கடை வைத்திருக்கும் எனக்குக் கொஞ்ச காலமாகவே சோறு சரியாக இறங்குவதில்லை. அரசாங்க ஆபீஸில் ஒரு கையெழுத்துக்காகக் கால் கடுக்க நின்றவரா நீங்கள்? அப்படியானால் நீங்களும் என் கூட்டாளிதான், கேளுங்கள்.

பிரிக்காத சரக்கு

படகு என்ஜின்களைப் பழுதுபார்க்க எங்கள் பக்கத்தில் அரசாங்கம் ஒரு ஒர்க்‌ஷாப் வைத்திருந்தது. ஆள் போட வழியில்லை என்று அதை மூடினார்கள். மூடிய கையோடு உள்ளே இருந்த சாமான்களையெல்லாம் ‘கண்டம்’ என்று எழுதி ஏலம் விட்டார்கள். கண்டம் என்றால் இனி உதவாது, எடைக்குப் போடலாம் என்று அர்த்தம்.

முதல் ஏலத்தில் எனக்கு ஒரு மரப்பெட்டி வந்தது. கடையில் வைத்து ஆணியைப் பிடுங்கினால், உள்ளே ஒரு டிரில்லிங் மெஷின், கம்பெனியில் தடவிய கிரீஸோடு, பிளாஸ்டிக் உறைகூடக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கிறது. வாங்கிப் போட்டதிலிருந்து ஒருவரும் திறந்தே பார்க்கவில்லை. எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும், வயிறுதான் எரிந்தது. கருவாடு வைக்கப் பலகை தேடி வந்த ஒரு அம்மா எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “மெஷினு கெடக்கட்டும் பாய், பெட்டி நல்ல மரம், அத்த எனுக்குக் குடு.”

குப்பத்தின் முறை

அந்த ஒர்க்‌ஷாப்பில் உயிரோடு இருந்தது ஒரு லேத், இரும்பைக் கடையும் மெஷின். லைட்ஹவுஸ் குப்பத்துத் தேசப்பன் அதில்தான் தினக்கூலியாக வேலை பார்த்தார். படகு விசிறியைச் சுழற்றும் ஷாஃப்ட் தேய்ந்து போனால் அதில் மாட்டிக் கடைந்து கொடுப்பார், மறுநாளே படகு கடலுக்குப் போகும். மூடியபிறகு அதே வேலைக்குச் சென்னைக்கு அலைய வேண்டியிருந்தது. ஷாஃப்ட் திரும்பி வரும்வரை படகு மணலில் கிடக்கும், வீட்டில் அடுப்பு எரியாது. அதனால் குப்பத்துப் பஞ்சாயத்து கூடி, ஊர்ப் பணத்தில் லேத்தை எடுத்துத் தேசப்பனிடம் கொடுப்பது என்று முடிவு செய்தது.

எங்கள் ஏரியில் ‘பாடு’ என்று ஒரு முறை உண்டு. இன்றைக்கு இந்த இடம் இவர்களுக்கு என்று ஆகிவிட்டால், மற்றவர்கள் அங்கே வலை இறக்க மாட்டார்கள். லேத் ஏலத்துக்கு வந்த இரும்புக்காரர்கள் எல்லோரும் இந்த ஏரிக்கரையில் வளர்ந்தவர்கள். லேத் குப்பத்தின் பாடு என்று, யாரும் சொல்லாமலே வாயை மூடிக்கொண்டு நின்றோம். குப்பம் மட்டும் விலை கேட்டது. நல்ல காரியம் செய்த நிறைவில் நாங்கள் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, ஏலம் ரத்து என்று அதிகாரி அறிவித்தார். ஒருவர் மட்டும் கேட்டால் செல்லாதாம். தேசப்பன் பாடு முறையை எடுத்துச் சொன்னார். அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்ன பதில்: “உங்க ஒத்துமையெல்லாம் ஏரியிலயே வச்சுக்கங்க. இங்க நாலு பேர் அடிச்சுக்கிட்டாத்தான் ஏலம்.”

ஓட்டிக் காட்டியது

மறு ஏலத்துக்கு முன்னால் சாமான்களைப் பார்வையிட மேலிடத்திலிருந்து வேறொரு அதிகாரி வந்தார், ஏலம் கேட்கிற நாங்களும் போயிருந்தோம். லேத்தை ஓட்டை உடைசலோடு சேர்த்து ஒரே குவியலாக விற்றுவிடுவார்களோ என்று தேசப்பனுக்குப் பயம். அது தனியாக விற்க வேண்டிய நல்ல மெஷின் என்று காட்டத் தீர்மானித்தார். திருவிழாவுக்கு வாடகைக்கு விடும் ஜெனரேட்டரைக் கொண்டுவந்து, எண்ணெய் விட்டு, துரு துடைத்து, அதிகாரி உள்ளே நுழைந்ததும் சுவிட்சைப் போட்டார்.

லேத் ஒரு முனகல்கூட இல்லாமல் சுழன்றது. தேசப்பன் முகத்தில் அப்படி ஒரு பெருமை. அதிகாரி முகத்தைப் பார்த்தேன், வெளிறிப் போயிருந்தது. “ஐயோ, நிறுத்துப்பா! ஓடுற மெஷினைக் கண்டம்னு எழுதினது யாருன்னு கேட்டா நான் யாரைக் காட்டுவேன்?”

சம்மட்டி

கொஞ்ச நாளில் உத்தரவு வந்தது. கண்டமான மெஷின் எதுவும் ஓடும் நிலையில் வெளியே போகக் கூடாது, உடைத்துத்தான் விற்க வேண்டும். கேஸ் கட்டரோடு சென்னையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். லேத்தின் உடம்பு வார்ப்பிரும்பு, கட்டரில் ஒழுங்காக அறுபடாது என்று கண்டுபிடிக்கவே அவர்களுக்கு அரை நாள் ஆயிற்று. பிறகு சம்மட்டிக்காரர்களைக் கூட்டிவந்தார்கள். வண்டி வாடகை, ஆள் கூலி, சாப்பாடு எல்லாம் அரசாங்கக் கணக்கு. அந்த இரும்பு விற்ற காசு அதற்கே போதியிருக்காது.

தேசப்பன் கேட்டுக்கு வெளியே நின்றார், உள்ளே வரவில்லை. இந்த முறை குப்பத்திலிருந்து யாரும் விலை கேட்கவும் இல்லை. நாங்கள் நாலு பேர் முறைப்படி அடித்துக்கொண்டோம், சரக்கு எனக்கு விழுந்தது. லாரியில் ஏற்றும்போது சம்மட்டிக்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “நல்ல வார்ப்பு பாய், ஒடையவே மாட்டேன்னு அடம் புடிச்சுது.”

கோணிப்பை

போன மாதம் தேசப்பன் கடைக்கு வந்தார். ஒரு கோணிப்பையைத் தராசில் வைத்தார். ஸ்பேனர், சுத்தியல், அரம், அளவு பார்க்கும் கருவிகள், எல்லாம் துடைத்து எண்ணெய் போட்டவை. துறைமுகம் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் செக்யூரிட்டி வேலை கிடைத்திருக்கிறதாம். எனக்கு மனசு கேட்கவில்லை. “விக்காதீங்க தேசப்பா, என்னைக்காவது உதவும், எடுத்துட்டுப் போங்க” என்றேன். அன்றைக்கு என் தொழில் மேலேயே எனக்கு வெறுப்பு வந்தது. அவர் கோபப்படக்கூட இல்லை. தராசு முள்ளைப் பார்த்தபடியே சொன்னார்: “வச்சிக்கினு இன்னா பண்றது பாய்? அங்க விசிலும் தடியும் அவங்களே குடுத்துட்டாங்க.”

இந்த வட்டாரத்தில் வேறு எந்தத் தொழில் படுத்தாலும், பழைய இரும்புக்கு மட்டும் சரக்குத் தட்டுப்பாடு வராமல் அரசாங்கம் பார்த்துக்கொள்கிறது.