கடைசிச் சொல்லுக்கு விட்ட இடம்

நண்பன் எர்டெமின் அப்பா நடத்தும் டிரை கிளீனிங் கடையின் பின்னறையில்தான் ஒடெட் தன் முதல் ராப் ஆல்பத்தைப் பதிவு செய்தாள். அந்த அறையில் வரிசை வரிசையாகக் கோட்டுகள் தொங்கும். துணி சத்தத்தைக் குடித்துவிடும் என்பதால் எதிரொலிக்கு அங்கே வேலையில்லை. டெப்ட்ஃபோர்ட் வட்டாரத்தில் பாட்டுக் கட்டுகிற பிள்ளைகளில் பாதிப் பேர் அலமாரிக்குள் போர்வையைத் தொங்கவிட்டுப் பாடிக்கொண்டிருந்தபோது, இவளுக்கு மட்டும் ஒரு ஊரே கழற்றிப் போட்ட உடுப்புகள் கிடைத்தன.

கடைசி வரிசையில் யாரும் திரும்ப வந்து வாங்காதவை தொங்கின. "அதைப் பாத்து நின்னு பாடு. அங்கதான் உன் குரல் நல்லா விழுது" என்பான் எர்டெம். அவளும் சனிக்கிழமை மதியங்களில், ஆளில்லாத சட்டைகளுக்கு எதிரே நின்று பாடினாள்.

மற்ற நாட்களில் அவள் நகராட்சியின் புகார்ப் பிரிவில் தொலைபேசி எடுப்பவள். குப்பை அள்ளவில்லை, லிஃப்ட் நின்றுவிட்டது, மாடிப்படியில் யாரோ மெத்தையைப் போட்டுவிட்டார்கள். காலையிலிருந்து மாலை வரை இதே குரல்கள்தான். வீட்டில் முதலில் பல்கலைக்கழகம் போனவள் அவள்தான். பட்டமளிப்பு அங்கியோடு எடுத்த படத்தை அம்மா தொலைக்காட்சிக்கு மேலே மாட்டிவைத்திருந்தார். படித்த சமூகவியல் சொல்லித்தராத ஒரு கேள்வி அவளைக் குடைந்துகொண்டிருந்தது. கோபத்தில் கூப்பிடுகிற இந்த மனிதர்களை எடுத்துப் பாட்டாக்க அவளுக்கு யார் உரிமை தந்தது? ஆனாலும் பாட்டுகள் மட்டும் வந்துகொண்டிருந்தன. ஆல்பத்துக்கு 'உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்' என்று பெயர் வைத்தாள்.

முதல் நாள் பதிவிலேயே எர்டெம் ஹெட்ஃபோனைக் கழற்றினான்.

"ஏய் டிகிரி மேடம், என்ன பாட்டு இது? நாலு வரிக்கு ஒரு தடவ கடைசிச் சொல்ல முழுங்குற?"

அவளுக்கே அப்போதுதான் உறைத்தது. பள்ளி நாளிலிருந்து அவள் மேடையேறியதெல்லாம் கூடப் படித்த க்ளெவனோடுதான். அவள் மூச்சு வாங்க நிறுத்தும் இடத்தில் கடைசிச் சொல்லை அவன் போடுவான். கூட்டம் அந்தச் சொல்லுக்குத்தான் குதிக்கும். போன பிப்ரவரியில் ஈரச் சாலையில் ஸ்கூட்டர் சறுக்கி அவன் செத்துப்போனதோடு அது முடிந்தது. ஆனால் கை பழக்கத்தை விடவில்லை. ஆல்பத்தின் எல்லாப் பாட்டையும் அவனுக்கு இடம் விட்டே எழுதியிருந்தாள்.

எர்டெம் டேப்பை முதலுக்கு ஓட்டினான். "சரி, விடு. அப்புறம் நீயே அந்த இடத்துல பேசி ரொப்பிக்கலாம். இப்ப எடுத்ததப் போட்டுக் கேப்போம்."

தெருவிளக்கு பற்றிய பாட்டு அது. தினமும் கூப்பிடும் ஒரு அம்மாளை வைத்து எழுதியது.

*எதிர்த்த கம்பத்துல விளக்கு எரியல,*
*எத்தன வாட்டி சொன்னாலும் ஆள் வரல,*
*வாசல்ல யாரோ தினம் நிக்கிறாங்களாம்,*
*யாருன்னு கேட்டா...*

அந்த இடத்தில் 'தெரியாது' என்ற சொல் வரவேண்டும். ஒலிபெருக்கியில், கம்பளிக்குள்ளிருந்து வருவதுபோல, ஒரு ஆண் குரல் சொன்னது:

*நான்தான்.*

வெளியே கடையில் இஸ்திரி இயந்திரம் புஸ்ஸென்று ஆவி விட்டது. எர்டெம் டேப்பை ஓட்டித் திரும்பப் போட்டான். மறுபடியும் அதே குரல்.

"பழைய டேப்பு," என்றான். "நீயும் க்ளெவனும் முன்னாடி பாடினது சரியா அழியல."

"இந்தப் பாட்ட நான் போன மாசம்தான் எழுதினேன் எர்டெம்."

"அப்ப வேற ஏதோ பாட்டுல சொன்னதா இருக்கும். எங்கிட்ட கேக்காத. நான் டீ போட்டுட்டு வர்றேன்."

அவன் தேநீர் போடப் போனதும் ஒடெட் கடைசி வரிசைக்குப் போனாள். குரல் கம்பளிக்குள்ளிருந்துதானே வந்தது. கோட்டுகளை ஒவ்வொன்றாகத் தள்ளினாள். பாலிதீன் உறைகள் சலசலத்தன. ஒரு உறை மட்டும் உள்பக்கம் பனி பூத்திருந்தது, யாரோ மூச்சு விட்ட கண்ணாடிபோல. அதற்குள் கருநீலத்தில் பஞ்சு வைத்துத் தைத்த ஜாக்கெட், ஜிப் திறந்து உள்ளே ஆரஞ்சுத் துணி, இடது கையில் சிகரெட் சுட்ட ஓட்டை. க்ளெவனுடையது. சாவதற்கு முன் சலவைக்குப் போட்டிருக்கிறான். யாரும் வந்து கேட்கவில்லை.

அவள் எர்டெமிடம் சொல்லவில்லை. உறையைப் பழைய இடத்திலேயே விட்டுவிட்டு, அதற்கு நேரே மைக்கை நகர்த்திவைத்தாள்.

அதன்பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் இடைவெளிகள் நிரம்பின. மேடையில் சொன்ன மாதிரியே, அரை நொடி பிந்தி, சிரிப்பை அடக்கிக்கொண்டு. எர்டெம் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டான். "எதுவா வேணா இருக்கட்டும், அருமையா இருக்கு" என்று மட்டும் சொன்னான். ஒடெட்டும் அப்படித்தான் நினைத்துக்கொண்டாள். இன்னும் ஒரே ஒரு பாட்டு மிச்சம்.

அந்தச் சமயத்தில்தான் சந்தையில், கிழங்குக் கடைக்கு முன்னால், க்ளெவனின் அம்மா வெர்னா அவள் கையைப் பிடித்தார்.

"என்னடி, பெரிய பாட்டுக்காரி ஆயிட்டேன்னு இந்தக் கிழவிய மறந்துட்டியா? துரும்பா எளைச்சுட்ட. உங்கம்மா சோறு போடுறாளா இல்லயா?"

"போடுறாங்க ஆன்ட்டி. எனக்குத்தான் எறங்கல."

"ஞாயித்துக்கிழமை வா. நான் இன்னும் ரெண்டு பேருக்குத்தான் ஆக்குறேன். கை கேக்க மாட்டேங்குது." பிறகு குரலை இறக்கினார். "அவன் துணியெல்லாம் சர்ச்சுக்குக் குடுத்துட்டேன். அந்த நீல ஜாக்கெட்ட மட்டும் எனக்குன்னு வெச்சுக்கலாம்னு பாத்தா காணோம். வீட்டையே பொரட்டிட்டேன். எங்க விட்டான்னு உனக்குத் தெரியுமாடி?"

அந்த உடுப்பு போனால் குரலும் போகும். ஒடெட்டுக்கு அது சந்தேகமில்லாமல் தெரிந்திருந்தது.

"தெரியாது ஆன்ட்டி" என்றாள்.

வீடு போய்ச் சேரும்வரை அந்தச் சொல் நாக்கிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது.

கடைசிப் பாட்டு வெர்னாவைப் பற்றியது. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு. பெயர் போடவில்லை, ஆனால் தெருவில் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

*சோறும் பயறும் ரெண்டு தட்டு வெக்கிறா,*
*ஒண்ணத் தின்னுறா, ஒண்ண மூடி வெக்கிறா,*
*ஆறிப் போச்சே சோறு,*
*யாருக்குன்னு கேட்டா...*

ஒரே மூச்சில் பாடி முடித்தாள். எர்டெம் போட்டுக் காட்டினான். இடைவெளி வந்தது. குரல் இல்லை. அந்த இடத்தில் சர்ரென்று ஒரு சின்னச் சத்தம், கீழிருந்து மேலே ஏறி, டக்கென்று நின்றது.

"என்ன அது?" என்றான் எர்டெம். "நீ ஏதாவது தொட்டியா?"

அடுத்த இடைவெளியிலும் அதே சத்தம். அதற்கடுத்ததிலும். பல்லுப் பல்லாய்க் கோத்துக்கொண்டு ஏறும் ஜிப். க்ளெவன் எங்கிருந்தாலும், கிளம்ப வேண்டும் என்றால் வாயால் சொல்ல மாட்டான். ஜிப்பைத் தாடை வரைக்கும் இழுத்துவிட்டு வாசலைப் பார்ப்பான். அவன் அப்படி நின்றால் அதற்குமேல் அவனை யாரும் உட்காரவைக்க முடியாது.

ஒடெட் ஹெட்ஃபோனைக் கழற்றினாள். கழற்றிய பிறகும் அந்தச் சத்தம் கேட்டது, இந்தமுறை அறையின் கடைசி வரிசையிலிருந்து.

எர்டெம் எழுந்து அவள் கையைப் பிடித்தான். "ஒடெட், அந்தப் பக்கம் போகாத."

"நான்தான் அவனப் பிடிச்சு வெச்சிருக்கேன்," என்றாள் அவள். போய்ப் பார்த்தாள். முதல் நாள் முன்பக்கம் திறந்து கிடந்த ஜாக்கெட், இப்போது கழுத்துவரை மூடியிருந்தது.

பட்டப்பகலில், நல்ல வெயிலில், அதைக் கையில் ஏந்திக்கொண்டு அவள் தெருவில் நடந்தாள். வெறும் பஞ்சு ஜாக்கெட்டுக்கு அவ்வளவு கனம் இருக்கக் கூடாது. வெர்னாவின் வீட்டு மாடியேற ஏற அது லேசாகிக்கொண்டே வந்தது. கதவைத் திறந்த வெர்னா அதை வாங்கி முகத்தில் வைத்துக்கொண்டார்.

"எனக்கு முன்னாடியே தெரியும் ஆன்ட்டி. அன்னைக்குப் பொய் சொன்னேன்."

"தெரியும்டி. உன் மூஞ்சி ஒருநாளும் பொய் சொன்னதில்ல, வாய்தான் சொல்லிச்சு." உறையைக் கிழித்தபடியே சொன்னார். "உள்ள வா. மூடி வெச்ச தட்டு இருக்கு."

திரும்பி வந்து டேப்புகளைப் போட்டபோது ஒரு பாட்டிலும் குரல் இல்லை. தெருவிளக்குப் பாட்டில்கூட இல்லை. எர்டெம் தலையைப் பிடித்துக்கொண்டான். "எல்லாம் போச்சு! நீயே பேசி ரொப்பு, வெள்ளிக்கிழமை ஆல்பம் அடிக்கிற ஃபேக்டரிக்கு அனுப்பியாகணும்."

அவள் மாட்டேன் என்றாள். கடைசிப் பாட்டை மட்டும் மறுபடி பாடிக்கொடுத்தாள். ஆல்பம் இடைவெளிகளோடேயே வெளிவந்தது. ஒரு இசைப் பத்திரிகை, 'இந்தப் பெண்ணுக்கு எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்திருக்கிறது' என்று எழுதியது. அதைப் படித்தபோது அவளுக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

சில வாரம் கழித்து, வேலையில், ஹெட்செட்டில் ஒரு அழைப்பு விழுந்தது.

"அழைப்பு முக்கியம்னு சொல்லிட்டு இவ்வளவு நேரம் காக்க வெக்கிறீங்களே, நியாயமா?"

"வெர்னா ஆன்ட்டி! என்ன, லிஃப்டா?"

"வேற என்ன. மறுபடி நின்னு போச்சு. உன் பாட்டப் போட்டுக் கேட்டுக்கிட்டே கூப்பிடுறேன்."

அவர் குரலுக்குப் பின்னால் அவளுடைய பாட்டே ஓடிக்கொண்டிருந்தது. தெருவிளக்குப் பாட்டு. வாசல்ல யாரோ தினம் நிக்கிறாங்களாம், யாருன்னு கேட்டா...

பத்திரிகை புகழ்ந்த, அவளே வெறுமையாக விட்ட, அந்த இடம் வந்தது. அதற்குள் ஒரு சொல் விழுந்தது, அரை நொடி பிந்தி. இந்தமுறை கம்பளிக்குள்ளிருந்து வரவில்லை. தெளிவாக, பக்கத்து அறையிலிருந்து வந்தது.

ஒடெட்டின் விரல்கள் விசைப்பலகையில் அப்படியே நின்றன.

"ஆன்ட்டி, வீட்ல யாரு கூட இருக்கா?"

"யாரு இருப்பா? நான் மட்டுந்தான்," என்றார் வெர்னா. "கதவுக்குப் பின்னால அவன் ஜாக்கெட்ட மாட்டி வெச்சிருக்கேன். அவ்வளவுதான். ஏன்டி?"

அடுத்த நான்கு வரிகள் ஓடின. அடுத்த சொல்லும் விழுந்தது.

"ஒண்ணுமில்ல ஆன்ட்டி," என்றாள் ஒடெட். "பாட்ட நிறுத்தாதீங்க. லிஃப்ட நான் எழுதிக்கிறேன்."