இடது கைப் பொத்தான்

ரேடியோ கம்பெனியில் சர்வமங்களா இருபத்திரண்டு வருஷம் சால்டர் பிடித்தவள். பெல்ட்டில் பச்சைப் பலகை வரும். ஈயத்தை உருக்கிப் பதினாலு புள்ளி வைத்துத் தள்ளிவிட்டால் அடுத்த பலகை வரும். அது எங்கே போகிறது, போய் என்ன செய்கிறது என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. சூப்பர்வைசரிடம் ஒருமுறை கேட்டதற்கு, "உனக்கெதுக்கும்மா அது? புள்ளி பளபளன்னு இருக்கா, அது போதும்" என்றான். கம்பெனியை இழுத்து மூடி, பெண்களுக்கெல்லாம் ஆளுக்கொரு எவர்சில்வர் தட்டைக் கையில் கொடுத்து அனுப்பிய பிறகுதான், அந்தப் பலகைக்குள் அப்படி என்னதான் இருக்கிறது, பார்த்தே விடுவோம் என்று ஐம்பதாவது வயதில் அவளுக்கு வீம்பு வந்தது.

பெங்களூர் எஸ்.பி. ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடையில், புரோகிராம் எழுதினால் அதன்படி வேலை செய்யும் ஒரு சின்ன போர்டு வாங்கினாள். போனில் வீடியோ பார்த்துப் பார்த்து முதலில் விளக்கை மினுக்க வைத்தாள். பிறகு துளசிக்குத் தானாகத் தண்ணீர் விட வைத்தாள். புருஷன் திப்பேசுவாமி சிட்டி பஸ் கண்டக்டர். டியூட்டி முடிந்து வந்து, காக்கிச் சட்டையைக்கூடக் கழற்றாமல் நின்று பார்ப்பார். "துளசிக்குத் தண்ணி ஊத்துது, சரி. புருஷனுக்குக் காபி ஊத்த எப்போ கத்துக்கும்?" என்பார். அப்படிக் கேலி பேசிக்கொண்டிருந்த மனிதர்தான் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பல் தேய்த்துக்கொண்டே சரிந்து விழுந்தார். வலது பக்கம் முழுவதும் போயிற்று, பேச்சும் போயிற்று. காது கேட்கும், எல்லாம் புரியும், இடது கை மட்டும் கொஞ்சம் அசையும்.

அது நடந்து இரண்டு வருஷம் மூன்று மாதம். அன்றிலிருந்து மத்திகெரெ மாடி வீட்டில் அவரைத் தனியே விட்டு மங்களா பத்து நிமிஷத்துக்கு மேல் வெளியே போனதில்லை. பால் வாங்க ஓடுவாள், மருந்துக் கடைக்கு ஓடுவாள், மூச்சிரைக்கத் திரும்பி வருவாள். பாதிக் குளியலில் ஓடி வருவாள். கடுகு போட்டுவிட்டு அவர் முனகுகிறாரோ என்று ஓடிப்போய்ப் பார்ப்பாள். திரும்பினால் கடுகு கருகிக் கிடக்கும். முனகியிருக்கவே மாட்டார். சில நாள் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்ப்பாள். போகிற வருகிறவர்கள் மேலெல்லாம் காரணமே இல்லாமல் கோபம் வரும்.

ரேடியோ கம்பெனியில் அவளோடு லைனில் உட்கார்ந்த பெண்கள் மாதத்தின் முதல் ஞாயிறு காலையில் யஷ்வந்த்பூர் பக்கம் ஒரு தர்ஷினி ஓட்டலில் கூடுவார்கள். காராபாத், கேசரிபாத், ரெண்டு ரவுண்டு காபி, ஊர் வம்பு. நடந்தால் கால் மணி நேரம்கூட ஆகாது. ஃபிலோமினா மாதாமாதம் போன் செய்வாள்.

"என்னடி, உயிரோட இருக்கியா? இந்த மாசமாவது வருவியா, இல்ல உன் போட்டோவுக்கு மாலை போட்டு நாற்காலியில உட்கார வச்சுடட்டுமா?"

"வரேன்டி. கொஞ்சம் பொறு. ஒரு பெல்லு பண்ணிட்டிருக்கேன்."

"இதையேதான் தீபாவளிக்கும் சொன்ன!"

சொன்னது உண்மைதான். அந்த பெல் விஷயம் தீபாவளிக்கு முன்னால் தொடங்கியது. அவருடைய இடது கைக்குப் பக்கத்தில் ஒரு பொத்தான் இருக்க வேண்டும். அவர் அழுத்தினால் கீழ் வீட்டில் தையல் மெஷின் போட்டிருக்கும் ஹொன்னம்மாவிடம் மணி அடிக்க வேண்டும். அது ஒருமுறைகூடத் தவறக்கூடாது. தவறாது என்று மனசு நம்பினால்தான் அவள் படி இறங்க முடியும். ஹொன்னம்மா நல்ல மனுஷி. "மணி அடிச்சா ஊசியை அப்படியே துணியில விட்டுட்டு வந்துடுவேன்க்கா" என்று சொல்லியிருந்தாள்.

முதல் முறை சின்ன போர்டில் எழுதிய புரோகிராம் ஒவ்வொரு வேலையாகச் சுற்றி வந்தது. மருந்து நேரத்தைத் திரையில் காட்டும், படுக்கைப் புண் வராமலிருக்கப் போட்ட காற்று மெத்தையின் பம்பை ஓட்டும், பிறகு பொத்தானை எட்டிப் பார்க்கும். திரையில் எழுத்து ஓடிக்கொண்டிருக்கும்போது அவர் அழுத்தினார். போர்டு எட்டிப் பார்ப்பதற்குள் அவருடைய பலமில்லாத விரல் நழுவிவிட்டது. மறுபடி அழுத்தினார். மறுபடியும் அதேதான். கடைசியில் தானே தண்ணீரை எட்டப்போய்க் கட்டிலிலிருந்து விழுந்தார். மங்களா அப்போது பத்தடி தூரத்தில் மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். நெற்றியில் நாலு தையல். இரண்டு நாள் அவள் தன் கையையே வெறுத்தாள்.

அதற்குப் பிறகுதான் இன்டரப்ட் என்று ஒரு வழி இருப்பதைப் படித்தாள். போர்டு தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். பொத்தான் கூப்பிட்ட உடனே கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு ஓடும், கூப்பிட்ட காரியத்தை முடிக்கும், விட்ட இடத்துக்கே வந்து தொடரும். 'இதை எனக்குப் பாடம் வேறு நடத்தணுமா!' என்று மங்களா தனக்குள் சிரித்துக்கொண்டாள். ஒரே வித்தியாசம், போர்டுக்கு விட்ட இடம் ஞாபகம் இருக்கும்.

சின்ன போர்டில் அது அழகாக ஓடியது. ஆனால் ஹொன்னம்மா வீட்டுக்கு வயரில்லாமல் சேதி அனுப்பும் பகுதியையும் சேர்த்ததும் போர்டில் இடம் போதவில்லை. ஆகவே போனிலேயே ஆர்டர் செய்து பெரிய போர்டு ஒன்றை வரவழைத்தாள். வேகம் பல மடங்கு, இன்டரப்ட் வழிகள் அறுபதுக்கு மேல், அதன் விளக்கப் புத்தகம் ஆயிரம் பக்கத்துக்கு மேல். மதியம் அவர் கண்ணயரும் இரண்டு மணி நேரம்தான் அவளுக்குக் கிடைக்கும். பழைய புரோகிராமையே பெரிய போர்டுக்கு ஏற்ற மாதிரி மாற்றி எழுதினாள். முக்கிய வேலை ஓடுகிறதா என்று தெரிய ஒரு பச்சை விளக்கை மினுக்க விட்டாள். எத்தனை முறை அழுத்தினார் என்று எண்ண ஒரு வரி சேர்த்தாள். பிறகு அவரை எழுப்பினாள்.

"ஏங்க, ஒரே ஒரு தடவை அழுத்துங்க பார்ப்போம்."

அழுத்தினார். கீழே மணி அடித்தது. மங்களாவின் முகம் மலர்ந்தது. ஆனால் மணி நிற்கவில்லை. பச்சை விளக்கு செத்துப்போனது. மெத்தைப் பம்ப் நின்றது. மணி மட்டும் அடித்துக்கொண்டே இருக்க, ஹொன்னம்மா கழுத்தில் டேப்போடு மூச்சு வாங்க மேலே ஓடி வந்தாள்.

"அய்யோ, என்னக்கா ஆச்சு?"

மங்களா கம்ப்யூட்டரில் எண்ணிக்கையைப் பார்த்தாள். மூன்று லட்சத்து எழுபதாயிரம்.

"ஏங்க, மூணு லட்சம் தடவையா அழுத்தினீங்க? அவ்வளவு அவசரமா?"

திப்பேசுவாமியின் பாதி முகம் மெல்ல இழுபட்டது. தோள் குலுங்கியது. பேச்சு போன நாளிலிருந்து அவர் சிரித்து அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஹொன்னம்மாவும் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மங்களாவுக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன.

அந்தச் சனியன் ஆறு நாள் அவளை ஆட்டி வைத்தது. போர்டு பொத்தானின் அழைப்புக்குள் போகிறது, வேலையை முடிக்கிறது, வெளியே கால் வைப்பதற்குள் மறுபடி உள்ளே இழுக்கப்படுகிறது. ஒரே ஒரு முறை கூப்பிட்டதற்கு ஆயுசு முழுக்க ஓடுகிறது. விளக்கை மினுக்கத் திரும்பி வர அதற்கு வழியே இல்லை. இணையத்தில் கேட்டாள். ஒருவன் "புத்தகத்தைப் படிங்க ஆண்ட்டி" என்று எழுதினான். 'படிக்கிறேன்டா, மகாராஜா. நீ வந்து என் வீட்டுக்காரருக்குக் குழம்பு பிசைஞ்சு ஊட்டு, நான் உட்கார்ந்து படிக்கிறேன்' என்று பல்லைக் கடித்தாள்.

ஆனாலும் படித்தாள். காரணம் தன் பழைய பழக்கம்தான் என்று தெரிந்தது. பொத்தான் கூப்பிட்டது என்று போர்டு உள்ளே ஒரு குறி போட்டு வைத்துக்கொள்ளும். சின்ன போர்டில், ஓடிப்போனதுமே அந்தக் குறி தானாக அழிந்துவிடும். பெரிய போர்டில் எழுதியவர்தான் அழிக்க வேண்டும். அழிக்காவிட்டால் இன்னும் யாரோ கூப்பிடுகிறார்கள் என்றே அது நினைத்துக்கொண்டிருக்கும். சரி என்று குறியில் பூஜ்யம் எழுதினாள். அசையவில்லை. இன்னும் இரண்டு மதியம் வீணாயிற்று. புத்தகத்தின் அந்தப் பக்கத்தை வரி வரியாகத் திரும்பப் படித்தபோது கடைசியில் இருந்தது. அந்தக் குறியை அழிக்க அதில் பூஜ்யமல்ல, ஒன்று எழுத வேண்டுமாம்!

"ஒண்ணு எழுதினா பூஜ்யம் ஆகுமாம். எந்தப் புண்ணியவான் யோசிச்சதோ!" என்று கட்டிலைப் பார்த்துக் கத்தினாள்.

எழுதினாள். அவர் அழுத்தினார். மணி ஒரு முறை அடித்து நின்றது. எண்ணிக்கை ஒன்று. பச்சை விளக்கு ஒரு மினுக்கைக்கூடத் தவறவிடவில்லை. மங்களா உட்கார்ந்த இடத்திலேயே அழுதாள். பிறகு எட்டு நாள், பகலில் நாற்பது முறையாவது அவரை அழுத்தச் சொன்னாள். லேசாக, பலமாக, பம்ப் ஓடும்போது, திரை ஓடும்போது. ஒன்றுகூடத் தவறவில்லை.

முதல் ஞாயிறு வந்தது. அவருக்குக் காலைக்கடன் எல்லாம் முடித்து, இட்லி ஊட்டி, வாய் துடைத்தாள். பச்சை மைசூர் சில்க் கட்டினாள். எண்ணிக்கையைப் பூஜ்யமாக்கிவிட்டு, பொத்தானை அவர் விரலுக்கடியில் வைத்தாள். "எதுவா இருந்தாலும் அழுத்துங்க. ஹொன்னம்மா ஓடி வந்துடுவா. எனக்கும் போன் பண்ணிடுவா. சரியா?" அவர் கண்ணை மூடித் திறந்தார். சரி என்று அர்த்தம்.

தர்ஷினியில் அவளைக் கண்டதும் ஃபிலோமினா கூவிய கூவலில் காபி போடுகிறவனே திரும்பிப் பார்த்தான். ஏழு பெண்கள் ஒரே நேரத்தில் பேசினார்கள். மங்களா முதல் அரை மணி நேரம் போனைக் கையிலேயே பிடித்திருந்தாள். அது அடிக்கவில்லை. பிறகு பைக்குள் போட்டாள். சூப்பர்வைசர் நடப்பது போல ஒருத்தி நடந்து காட்ட, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "இன்னொரு காபி" என்றாள். முழுசாக ஒன்றரை மணி நேரம்.

திரும்பும்போது ஹொன்னம்மா சன்னல் வழியாகவே சொன்னாள்: "ஒரு தடவைகூட அடிக்கலைக்கா. சமத்தா இருந்தாரு." மங்களா மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறினாள்.

கதவைத் திறந்ததும் நாற்றம் அடித்தது. வேட்டி, விரிப்பு, மெத்தை எல்லாம் நனைந்து, நனைந்ததில் பாதி காய்ந்தும் இருந்தது. திப்பேசுவாமி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார்.  போர்டு செத்துவிட்டதோ என்று மங்களா ஓடிப்போய்ப் பார்த்தாள். பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. எண்ணிக்கை பூஜ்யம். அவர் விரலுக்கடியிலிருந்து பொத்தானை எடுத்துத் தானே அழுத்தினாள். "வந்துட்டேன்க்கா!" என்று கீழேயிருந்து குரல் வந்தது. "ஒண்ணுமில்ல, நான்தான்!" என்று பதில் கத்தினாள்.

"ஏன் அழுத்தலை?"

அவர் திரும்பவில்லை. அவள் கட்டிலைச் சுற்றி மறுபக்கம் போய் அவர் முகத்துக்கு நேரே குனிந்தாள். "ஏங்க, ஏன் அழுத்தலை? கை வரலையா?"

இடது கையின் இரண்டு விரல்களை விரிப்பின் மேல் நடக்கவிட்டார், ஒருவர் நடந்து போவது போல. பிறகு அவளைக் காட்டினார். பிறகு உள்ளங்கையை மெல்ல அசைத்தார். போய்வா, இருந்துவிட்டு வா.

மங்களாவுக்குப் புரிந்தது. மணி அடித்தால் ஹொன்னம்மா அவளுக்குப் போன் செய்வாள், அவள் பாதியில் எழுந்து ஓடி வருவாள். அது நடக்கக்கூடாது என்று அந்த மனிதர் ஈரத்திலேயே கிடந்திருக்கிறார்.  அவளுக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலக் கோபம் வந்தது.

வெந்நீர் வைத்தாள். அவரைப் புரட்டித் துடைத்தாள், பவுடர் போட்டாள், வேறு வேட்டி சுற்றினாள், விரிப்பை மாற்றினாள். பட்டுப்புடவையில் ஈரம் படிந்ததை அவள் கவனிக்கவே இல்லை. எல்லாம் முடிந்த பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"அந்த போர்டுல எது தப்பானாலும் நான் ஆறு நாள் உட்கார்ந்தாவது கண்டுபிடிச்சுடுவேன். நீங்க அழுத்தலைன்னா நான் எதைங்க சரி பண்றது? நீங்க அழுத்துவீங்கன்னு நம்பித்தானே படி இறங்கினேன். இனிமே எந்த நம்பிக்கையில இறங்குவேன், சொல்லுங்க."

அவர் கண்ணிலிருந்து நீர் காதுப் பக்கம் இறங்கியது. பைக்குள் போன் அடித்தது. ஃபிலோமினாவாகத்தான் இருக்கும், அடுத்த மாதம் வருகிறாயா என்று கேட்க. மங்களா எழப்போனாள். அவர் இடது கையால் அவள் முந்தானையை, பொத்தானை அழுத்துவது போல, அழுத்திப் பிடித்துக்கொண்டார். போன் அடித்து ஓய்ந்தது. அவர் விடவில்லை, அவளும் இழுத்துக்கொள்ளவில்லை.