ஆக்சிலேட்டர் மிதித்தவள்

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில், கிடங்கு வாசலில், மூட்டை தூக்கும் ஆட்கள் எல்லோரும் நிற்கும்போது என் முதலாளி என்னைப் பார்த்துச் சொன்னது இது: "பொம்பள கையில வண்டியக் குடுத்தா இஞ்சினு என்னத்துக்கு ஆகும்? மிதிச்சே கொன்னுட்டா." அதைச் சொன்ன வாய் இன்றும் நன்றாகத்தான் இருக்கிறது, மூன்று வேளையும் ருசித்துச் சாப்பிடுகிறது. எனக்குத்தான் இதை எழுதும்போதுகூடப் பல்லைக் கடிக்க வேண்டியிருக்கிறது.

நான் இந்த ஊரிலேயே பிறந்தவள். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம். படிப்பதும் எழுதுவதும் மலையாளத்தில்தான் சுலபம். ஆனால் கோபம் வந்தால் தமிழ்தான் வாய்க்கு வரும், அதனால் இதைத் தமிழில் எழுதுகிறேன். முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்போம். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து, மிளகாய் வற்றலும் மல்லியும் மொத்த வியாபாரம் செய்பவர். அவருடைய டீசல் மினி லாரியை நான் ஓட்டினேன். கலூர், வைட்டிலா, காக்கநாடு என்று கடை கடையாகச் சரக்கு போட வேண்டும். வண்டி அவருடையது, அதன் சத்தம் என்னுடையது என்று சொல்லலாம். நாள் முழுக்க அதைக் கேட்டுக்கொண்டிருந்தது நான்தானே.

அந்தச் சத்தம் முதலில் மாறியது வண்டி சும்மா நின்று ஓடும்போது. இஞ்சினின் மேல்பக்கத்திலிருந்து டிக் டிக்கென்று ஒரு தட்டல். பிறகு தோப்பும்படிப் பாலத்தில் ஏறும்போது இழுவை குறைந்தது. கிடங்கு வாசலிலேயே வைத்து அண்ணாச்சியிடம் சொன்னேன். "ஓடுதுல்லா? ஓடுற வண்டியில குத்தம் பாக்காத," என்றார். மறுபடி சொன்னேன். "உன் காதுல பூச்சி பூந்திருக்கும்," என்றார். பக்கத்தில் நின்ற மூட்டை ஆட்கள் சிரித்தார்கள். நானும் அசடு மாதிரி சிரித்து வைத்தேன்.

வைட்டிலாவுக்கு முழு லோடோடு போன ஒரு நாள், மேம்பாலத்தில் ஏறும்போது மேலே படார் என்று ஒன்று வெடித்தது. வண்டி உதறியது, பின்னால் புகை. அந்த நொடியே இஞ்சினை நிறுத்தி, உருண்ட வேகத்திலேயே ஓரம் கட்டினேன். கொஞ்ச தூரம் போய்ப் பார்க்கலாம் என்று ஓட்டியிருந்தால் இஞ்சினில் மிச்சம் ஒன்றும் இருந்திருக்காது. அதற்கு யாரும் எனக்கு மாலை போட வேண்டாம். ஆனால் வேறு வண்டியில் கயிறு கட்டி இழுக்க வைத்து, கிடங்கு வாசலில் வந்து இறங்கியவளுக்குக் கிடைத்தது முதலில் சொன்ன அந்தப் பேச்சு. கூடவே கையிலிருந்து சாவியும் போயிற்று. "வேற ஆளு பாத்துக்கிடுதேன்," என்றார்.

வேலை போவது ஒன்று. அதைவிடப் பெரிது இந்தப் பெயர். ஆண் ஓட்டிய வண்டி நின்றால் வண்டி ரிப்பேர். நான் ஓட்டிய வண்டி நின்றால் நான் ரிப்பேர். இஞ்சினை மிதித்துக் கொன்றவள் என்ற பேச்சு பஜார் ரோட்டில் ஒரு சாயா குடிக்கும் நேரத்தில் சுற்றிவிடும். அதற்கப்புறம் மட்டாஞ்சேரியில் எவன் என்னை நம்பி ஒரு ஸ்கூட்டரைக் கொடுப்பான்? அன்றைக்கு நான் சொன்னது ஒன்றுதான்: "இஞ்சினைத் திறக்கும்போது நான் அங்க நிப்பேன்."

ஒர்க்ஷாப் சுள்ளிக்கல் போகிற வழியில் இருக்கிறது. அங்கே இருந்த மெக்கானிக் சேட்டன்தான் போன மழைக்காலத்திலும் இதே இஞ்சினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்றி வேலை பார்த்தவர். ஸ்பேனரைக் கையில் எடுக்கும் முன்பே, "ஓவர் ரெவ் ஆயிருக்கும் மோளே," என்றார், அதாவது நான் அளவுக்கு மீறி மிதித்து ஓட்டினேன் என்று. அண்ணாச்சி ஏற்கெனவே போன் போட்டுப் பேசிவிட்டார் என்று புரிந்தது.

முதலில் மீட்டரை வைத்து கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம், பார்த்தார். ஒரு சிலிண்டரில் முள் ஒழுங்காக ஏறியது. இன்னொன்றில் அசையவே இல்லை. மேல்மூடியைக் கழற்றியதும், நான்கு வால்வு ஸ்பிரிங்கில் ஒன்று மட்டும் சரிந்து கிடப்பது எனக்கே தெரிந்தது. ஹெட்டைத் தூக்கினால் அந்த வால்வு வளைந்திருக்கிறது, அடியில் பிஸ்டன் தலையில் பிறை மாதிரி ஒரு வெட்டு. ஸ்பிரிங் ஒடிந்ததும் வால்வை மேலே இழுத்து மூட ஆளில்லை. மேலே வந்த பிஸ்டன் அதை முட்டித் தள்ளியிருக்கிறது. வண்டியைப் பார்க்க வந்திருந்த அண்ணாச்சி எட்டிப் பார்த்துவிட்டு, "பாத்தீங்களா, என்னா மிதி மிதிச்சிருக்கா," என்றார்.

ஸ்பிரிங்கை வெளியே எடுக்கச் சொன்னேன். இரண்டு துண்டாக வந்தது. ஒடிந்த இடத்தைத் துடைத்துப் பார்த்தேன். பாதி பளபளவென்று புதுசு, பாதி எண்ணெய் ஊறிக் கறுப்பு.

"சேட்டா, அன்னைக்குத்தான் ஒடிஞ்சதுன்னா இந்தப் பாதி எப்படிக் கறுத்துச்சு?"

அவர் ஸ்பிரிங் உட்கார்ந்திருந்த குழியில் விரலை விட்டு எதையோ நெம்பி எடுத்து, உள்ளங்கையை மூடிக்கொண்டார். மூடிய வேகம்தான் அவரைக் காட்டிக் கொடுத்தது.

"கையைத் திறங்க."

ஒரு வாஷர். கடையில் போல்ட்டுக்குப் போடக் கிடைக்கிற சாதாரண வாஷர். ஸ்பிரிங் தளர்ந்துவிட்டால் புதிது வாங்காமல், அடியில் வாஷரை முட்டுக் கொடுத்து விறைப்பாக்குவது இங்கே சில ஒர்க்ஷாப்புகளில் உள்ள கைவேலை. கொஞ்ச நாள் ஓடும். ஆனால் வால்வு முழுக்கத் திறக்கும்போது ஸ்பிரிங்குக்கு அமுங்க இடம் இருக்காது, சுருளோடு சுருள் இடித்துக்கொள்ளும். இடித்து இடித்து விரிசல் விழும். நான் கேட்ட டிக் டிக் அந்த விரிசல் விழுந்த ஸ்பிரிங்தான்.

சேட்டன் என்னைப் பார்க்காமல் அண்ணாச்சியைப் பார்த்துக் கத்தினார்: "அண்ணாச்சி தன்னெயல்லே பறஞ்ஞது, புதியது வேண்டா, எந்தெங்கிலும் செய்துவிடுன்னு?"

புதிது வேண்டாம், ஏதாவது செய்து விடு என்று சொன்னவர் போனை எடுத்து நோண்டினார். பிறகு, "சரி சரி, ஆனது ஆயிப்போச்சு, சீக்கிரம் முடி," என்றார். ஆனது ஆயிப்போச்சாம்! என் கால் என்றால் கொலை. அவருடைய கஞ்சத்தனம் என்றால் ஆனது ஆயிப்போச்சு.

ரிப்பேர் முடியும்வரை தினமும் போய் நின்றேன். நான்கு ஸ்பிரிங்கும் புதிது போட வைத்தேன். வால்வு, பிஸ்டன், கேஸ்கெட் மாறின. ஆயிலை வடித்தபோது இரும்புத் தூள் மினுங்கியது, ஆயில் தங்கும் அடிச்சட்டியைக் கழற்றிக் கழுவினார்கள். வால்வைப் பேஸ்ட் தடவித் தேய்த்து, மண்ணெண்ணெய் ஊற்றி ஒழுகுகிறதா என்று பார்த்தார்கள். சேட்டன் இந்த முறை சுத்தமாக வேலை செய்தார், அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். "சாயா குடிக்கு மோளே," என்று நீட்டினார். குடித்தேன். கோபம் தீரவில்லை, தாகம் தீர்ந்தது.

வண்டி கிடங்குக்கு வந்தது. அவர் தேடிய வேறு ஆள் யாரும் கிடைக்கவில்லை போல, அண்ணாச்சி சாவியை என் பக்கம் நீட்டினார். மூட்டைகள் ஏறின. கலூர்க் கடைக்காரர் போன் மேல் போன் போட்டார். நான் சீட்டில் உட்கார்ந்தேன், சாவியைத் திருப்பவில்லை.

"என்னம்மா, கெளம்பு."

"எல்லார் முன்னாடியும்தான அன்னைக்குச் சொன்னீங்க. எல்லார் முன்னாடியும் இப்போ சொல்லுங்க அண்ணாச்சி."

அவர் முகம் வற்றலைவிடச் சிவந்தது. ரோட்டைப் பார்த்தார், மூட்டையைப் பார்த்தார். போன் மறுபடி அடித்தது. கடைசியில் டயரைப் பார்த்துக்கொண்டு, "ஸ்பிரிங்குதான் ஒடிஞ்சிருக்கு. இவ மேல தப்பில்ல," என்றார்.

சொல்ல வைத்துவிட்டேன் என்று மார்பு நிமிர்ந்தது. அப்போது மூட்டை தூக்குபவர்களில் மூத்தவர், தலைத்துண்டை உதறிக்கொண்டே சிரித்தார். "அது ஞங்ஙள்க்கு அன்னே அறியாம் மோளே. மோள் சத்தம் உண்டுன்னு பறஞ்ஞது ஞங்ஙளும் கேட்டதல்லே."

என் மேல் தப்பில்லை என்று அன்றைக்கே தெரியுமாம். நான் சொன்னதெல்லாம் அவர்கள் காதிலும் விழுந்ததாம். எனக்கு ஆறுதல் சொல்வதாக அவருக்கு நினைப்பு.

"தெரிஞ்சிருந்தா, அன்னைக்கு ஏன் சேட்டா ஒருத்தரும் வாயத் திறக்கல?"

சிரிப்பு நின்றது. ஒருவர் மூட்டைக் கொக்கியைத் தேடப் போனார், ஒருவர் பீடியைப் பற்ற வைத்தார். நான் வண்டியை எடுத்தேன். இன்றும் என் வண்டியில் மூட்டை ஏற்றுவது அவர்கள்தான். காலையில் பார்த்தால் சிரிக்கிறார்கள், எனக்குத் திருப்பிச் சிரிக்க வரவில்லை.