சித்தப்பாவுக்கு வராத நட்சத்திரம்

என் சித்தப்பா தையல் மெஷினில் உட்கார்ந்தால் பேய் பிடித்தவர் மாதிரி தைப்பார் என்று அப்பா பெருமையடிப்பார். கனடாவில், மொன்றியலில் ஓர் உடுப்புத் தொழிற்சாலையில் அவருக்கு வேலை. குளிர்க்கோட்டுக்கு ஜிப் வைப்பதில் அவரை மிஞ்ச ஆள் இல்லையாம். அப்பேர்ப்பட்ட மனிதருக்கு ஒரு சின்னப் பந்தில் நட்சத்திரம் தைக்க வரவில்லை என்பதை எட்டு வயதில் என்னால் பொறுக்கவே முடியவில்லை.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள் அவை. கலியாணம் ஆகாத சித்தப்பாவும் நாங்களுமாகப் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் ஒரே வீட்டில் இருந்தோம். நத்தாருக்குப் பிள்ளைகள் ஆளுக்கொரு நட்சத்திரம் செய்து வந்து இயேசு பாலன் குடிலில் தொங்கவிட வேண்டும் என்று மாதா கோயிலில் சுவாமி சொல்லியிருந்தார். மற்றவர்கள் கடதாசி மட்டையில் வெட்டி மினுங்கல் தாள் ஒட்டினார்கள். நானோ, எங்கள் வீட்டிலிருந்து ஜப்பான் நூல்பந்து வருகிறது என்று எல்லோரிடமும் தம்பட்டம் அடித்துவிட்டேன்.

தெமாரி என்ற அந்தப் பந்தை நூலகத்தின் கீழ்த்தளத்தில் சனிக்கிழமைகளில் பழக்கினார்கள். என்னைச் சேர்க்கப் போன சித்தப்பா தானும் சேர்ந்துகொண்டு வந்தார். பழக்கியவர் ஜப்பானியப் பெண். சித்தப்பாவின் வயதுதான் இருக்கும். அவர் பேசியது பிரெஞ்சு. சித்தப்பாவின் பிரெஞ்சுச் சொத்தெல்லாம் ‘போன்ஜூர்’, ‘மெர்சி’ இரண்டும்தான். ஆகவே மொழிபெயர்ப்பு நான்.

பழைய காலுறையைச் சுருட்டி, மேலே நூல் சுற்றி உருண்டையாக்கி, குண்டூசி குத்திக் கோடு பிரித்தோம். நீள ஊசி என் விரலுக்கு அடங்காததால் தையல் சித்தப்பாவின் பொறுப்பாயிற்று. ஒரு கோடு விட்டு ஒரு கோட்டில் ஊசியை ஏற்ற வேண்டும். அவர் ஒவ்வொரு முறையும் பாதியில் எங்காவது பிசகிவிடுவார். நட்சத்திரம் நசுங்கிய நண்டு போலாகிவிடும்.

“இது சரியோ எண்டு ரீச்சரைக் கேள் பிள்ளை” என்பார்.

ரீச்சர் கதிரையை இழுத்துப் பக்கத்தில் போட்டு, நூலை அவிழ்த்து, முதலிலிருந்து காட்டித் தருவார். சித்தப்பா அவருடைய விரல்களையே கண்வெட்டாமல் பார்ப்பார். அப்படிப் பார்த்தும் மண்டையில் ஏறவில்லையே என்று எனக்கு எரிச்சலாக வரும்.

அம்மாவுக்கு வேறு கவலை. “என்ன தம்பி, பந்து தைக்கப் போறதுக்கும் சேட்டு மினுக்கி, சென்ட் அடிக்க வேணுமோ?” சித்தப்பா காது கேளாதவர் போலச் சப்பாத்துத் தேடுவார். ஈரச் சப்பாத்துகளோடு அவர் கையைப் பிடித்து நூலகத்துக்கு நடந்த அந்தக் காலைகளை நினைத்தால் இன்றும் எனக்கு ஆசையாக இருக்கிறது.

நத்தாருக்கு முந்திய சனிக்கிழமையும் நண்டுதான் வந்தது. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. தொழிற்சாலையில் என் சித்தப்பாதான் முதலாவது ஆள், இங்கே வந்தால் மட்டும்தான் அவருக்குக் கை ஓடுவதில்லை என்று ரீச்சரிடம் பிரெஞ்சில் கொட்டிவிட்டேன். ரீச்சர் நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

“என்ன பிள்ளை சொன்னனீ?”

“நீங்கள் நல்லாத் தைப்பீங்கள் எண்டு.”

சித்தப்பாவின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். பந்தை வாங்கினார். வகுப்பு முடிவதற்குள் தைத்துவிட்டார். அச்சில் வார்த்தது போன்ற நட்சத்திரம். நான் கைதட்டினேன்.

ரீச்சர் பந்தை வெளிச்சத்தில் உருட்டி உருட்டிப் பார்த்தார். பிறகு ஊசி முனையால் நூலைத் தூக்கி, ஒவ்வொரு முனையாக, முழுவதையும் அவிழ்த்தார். என்னிடம் ஏதோ சொன்னார்.

“சரியில்லையாம். நத்தார் முடியத் திரும்பவும் வரட்டாம்” என்றேன்.

நான் சொல்லி முடிப்பதற்குள் சித்தப்பா “ஓம், ஓம்” என்று தலையாட்டிக்கொண்டிருந்தார்.

வழி நெடுக அழுதேன். அந்த ரீச்சருக்குத் தைக்கவே தெரியாது, சரியான நட்சத்திரத்தை அவிழ்த்துவிட்டார் என்று அம்மாவிடம் முறையிட்டேன். அம்மா அப்பாவைப் பார்த்தார். இருவரும் சித்தப்பாவைப் பார்த்தார்கள். பாலன் குடிலுக்கு நான் மட்டை நட்சத்திரத்தோடுதான் போனேன். அதற்குப் போய் வீட்டில் எல்லோரும் ஏன் அவ்வளவு சந்தோஷப்பட்டார்கள் என்று எனக்கு விளங்கவேயில்லை.