தட்டில் புற்றுமண்

ஐம்பதுகளில் சங்கரன்கோவில் ஆஸ்பத்திரியில் நான் நர்ஸ். கத்தி, கத்தரியெல்லாம் இருபது நிமிஷம் கொதிக்கணும் என்று ஆயாவிடம் தினமும் தொண்டை வற்றக் கத்துவேன். அன்று ஆபரேஷனுக்குத் தட்டைத் திறந்தால், கொதிக்கவைத்து எடுத்த கத்தி மேல் கோவில் புற்றுமண்!

"என்ன கூத்து இது?"

"கொதிதண்ணி கிருமியத்தான் கொல்லும் நர்சம்மா. நோவு போக வேண்டாமா? அதான் அம்மன் மண்ணைத் தூவுனேன்."

தலையில் அடித்துக்கொண்டு, எல்லாவற்றையும் கழுவி மறுபடி கொதிக்கவைத்தேன். டாக்டர் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்தார். விஷயத்தைச் சொன்னேன். "மடத்தனம்!" என்று ஆயாவின் மண்பொட்டலத்தைப் பிடுங்கினார். வீசியெறிவார் என்று நினைத்தேன். ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் பூசிக்கொண்டு, அதே விரலால் கத்தியை எடுத்தார்.

மூன்றாம் தடவையாக ஸ்டவ்வுக்குப் பம்ப் அடித்தேன்.