பொன்னுக்கு வீங்கி எனக்கு, பெயர் அவளுக்கு

இதை எழுத ஏழெட்டு வருடம் தயங்கியிருக்கிறேன். இரண்டு முறை எழுதி, யார் கண்ணிலாவது பட்டுவிடுமோ என்று கிழித்துப் போட்டேன். நான் பத்தாவது வரை படித்தவன். சாத்தாங்காடு இரும்புச் சந்தையில், எடைமேடையில் சீட்டு எழுதுகிற வேலை. லாரி நம்பர், எடை, கையெழுத்து, அதற்கு மேல் எழுதிப் பழக்கமில்லை. அம்மன் மேல் பாரத்தைப் போட்டுவிட்டு இப்போது எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி. எனக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். திருவொற்றியூரில் ஒற்றை அறை வீடு. அம்மா, மனைவி, நான். ஒரு நாள் காலையில் எழுந்தால் காதுக்குக் கீழே இரண்டு பக்கமும் வீங்கி வாயைத் திறக்க முடியவில்லை. நல்ல காய்ச்சல்.

"இன்னாடா நைனா இது, பூரி கணக்கா உப்பிக்கீது?" என்று அம்மா தாடையைத் தொட்டுப் பார்த்தாள். "பொன்னுக்கு வீங்கிடா. சின்னப் புள்ளைங்களுக்கு வர்றது, எருமை மாதிரி வளந்தப்புறம் உனுக்கு வந்துகீது. பொன்னு போட்டா எறங்கிடும்."

எங்கள் பக்கத்தில் இதை அம்மன் விளையாட்டு என்றுதான் வைத்திருந்தோம். மருந்து கூடாது, ஊசி கூடாது. வாசலில் வேப்பிலை, கழுத்தில் தங்கம். வீட்டில் இருந்த தங்கம் என் மனைவியின் தாலிச் சங்கிலி ஒன்றுதான். தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொண்டு சங்கிலியை எனக்குப் போடச் சொன்னது என் அம்மா. மனைவி மறுபேச்சில்லாமல் செய்தாள்.

கூட வேலை செய்கிற தோஸ்து ஒருவன் பார்க்க வந்தான். வந்ததும் வராததுமாக, "இன்னா மாமு, செயினு மாட்டிகினு மாப்ள கணக்கா குந்திகினு கீற? ரெண்டாங் கல்யாணமா?" என்றான். சிரிக்கவும் முடியவில்லை, தாடை வலித்தது.

ஐந்தாம் நாள் கன்னம் வடிய ஆரம்பித்தது. அன்றைக்கே கீழே வீங்கியது. எழுதவே கை கூசுகிறது. இரண்டு விதையும் வீங்கி, சிவந்து, லுங்கி பட்டாலே உயிர் போகிற வலி. எங்கள் தெருவில் ஓதம் வந்தவர்கள் உண்டு. கொசுக்கடியால் விதை வீங்குகிற வியாதி அது. கால் அகட்டி நடப்பவர்களை நாங்களே பின்னால் நின்று கிண்டல் செய்திருக்கிறோம். எனக்கும் ஓதம்தான் வந்துவிட்டது என்று நினைத்தேன். கன்னத்து வீக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று தோன்றவேயில்லை. தெரிந்தால் சந்தையில் சாகிற வரைக்கும் பட்டப்பெயர் நிற்கும். அம்மாவிடமும் சொல்லவில்லை, மனைவியிடமும் சொல்லவில்லை. காய்ச்சல் என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். பத்து நாளில் தானாக வடிந்தது. அம்மனுக்கு மாவிளக்கு போட்டு நன்றி சொன்னேன். சொன்னேனே, நன்றி!

அடுத்த நான்கு வருடத்தை நினைத்தால் இன்றைக்கும் என் மேல் எனக்கு ஆத்திரமாக வருகிறது. குழந்தை இல்லை என்றதும் எல்லோரும் என் மனைவியைத்தான் பார்த்தார்கள். அவளுக்குத்தான் ஸ்கேன். கர்ப்பப்பையை க்ளீன் பண்ணணும் என்று ஒரு இடத்தில் சொன்னார்கள், பண்ணினார்கள். குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கிற டெஸ்ட் எடுத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் நின்றபடியே வந்தாள். எல்லாம் நன்றாக இருக்கிறது என்றே ஒவ்வொரு முறையும் சொன்னார்கள். சொல்லிவிட்டு மறுபடி அவளுக்கே மாத்திரை எழுதினார்கள். வளைகாப்புக்குப் போனால் அவள் கையால் வளையல் போடவிட மாட்டார்கள். வேண்டுதல் என்று அவள் கோயிலில் வெறுந்தரையில் சோற்றைப் போட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து வாயால் மண்சோறு தின்றாள். நான் பக்கத்தில் கைகூப்பி நின்றிருந்தேன். அன்றைக்கு அந்தப் பத்து நாள் வலி ஞாபகத்துக்கு வந்தது. குறை நம்மிடம் இருக்குமோ என்று ஒரு கணம் தோன்றியது. கண்ணை மூடிக்கொண்டேன்.

கடைசியில் ராயபுரம் பக்கம் ஒரு பெண் டாக்டர், "உங்க வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வராம இனிமே வராதம்மா" என்று திருப்பி அனுப்பினார். போனேன். அவர் கேட்ட முதல் கேள்வியே, "பெரியவரான அப்புறம் பொன்னுக்கு வீங்கி வந்துச்சா?"

"வந்துச்சுங்க."

"கீழ விதை வீங்குச்சா?"

மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நர்ஸ் நின்றிருந்தாள்.

"இல்லீங்க" என்றேன்.

டாக்டர் டெஸ்டுக்கு எழுதிக் கொடுத்தார். லேபில் கையில் ஒரு டப்பாவைக் கொடுத்து கழிவறையைக் காட்டினார்கள். தாழ்ப்பாள் சரியில்லை, ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. "இன்னா சார், ஆச்சா? அடுத்த ஆளு நிக்கிறாரு" என்று வெளியே லேப் பையன் கதவைத் தட்டுகிறான். அழுகையும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை எடுக்கச் சொன்னார்கள். இரண்டிலும் ஒரே முடிவு. விந்தணு மிகவும் குறைவு, இருப்பதிலும் ஓட்டமில்லை. டாக்டர் அதே கேள்வியை மறுபடி கேட்டார். இந்த முறை தலையைக் குனிந்துகொண்டு, "ரெண்டு பக்கமும் வீங்குச்சுங்க" என்றேன்.

அவர் திட்டவில்லை. அந்த வைரஸ் பெரிய ஆம்பளைகளுக்கு வந்தால் சில பேருக்கு அங்கே இறங்கும், பெரும்பாலும் ஒரு பக்கம்தான் வீங்கும், வீங்கியவர்கள் எல்லோருக்கும் குழந்தை இல்லாமல் போகாது என்றார். உடனே வந்திருந்தால் தடுத்திருக்கலாமா என்று கேட்டேன். "அதை உறுதியா சொல்ல முடியாது. ஆனா இத்தனை வருஷம் இந்தப் பொண்ணைப் போட்டுக் குடைஞ்சிருக்க மாட்டோம்" என்றார். ஊசி மூலம் கரு வைக்கிற சிகிச்சை இருக்கிறது என்றார். அது எங்கள் கைக்கு எட்டுகிற சங்கதி இல்லை.

அவளும் நானும் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தோம். பஸ் வருகிற நேரத்தில், "யோவ், நான் மண்ணுல குனிஞ்சிகினு துன்னேனே, அப்பயாவது சொல்லியிருக்கலாம்யா" என்றாள். அவ்வளவுதான். ஒரு வாரம் சோறு போட்டாள், முகம் பார்க்கவில்லை.

அம்மாவிடம் சொன்னேன். "வாய மூடு. ஆம்பளைக்கு ஒண்ணும் கெடல. வெளில சொன்னா குடும்ப மானம் பூடும்" என்றாள். ஆனால் அவளே வெளியில் சொன்னாள், வேறு மாதிரி. மருமகள் தாலிச் சங்கிலியைக் கழற்றிய நேரம் சரியில்லையாம், அம்மன் குத்தமாகி மகன் உடம்பில் இறங்கிவிட்டதாம். கழற்றச் சொன்னது யார் என்பதை விட்டுவிட்டாள். தோஸ்திடம் சொன்னேன். இரும்புச் சூடுதான் காரணம் என்று சந்தையில் பரப்பினான். ஒவ்வொரு வாயிலும் ஒவ்வொரு கதை, எதிலும் நான் மறைத்த விஷயம் வரவில்லை.

பொறுக்க முடியாமல் ஆடி மாதம் கூழ் ஊற்றுகிற அன்று, தெருப் பெண்கள் பாத்திரத்தோடு வரிசையில் நிற்கும்போது, அவளும் அந்த வரிசையில் நிற்கும்போது, சத்தமாகச் சொல்லிவிட்டேன். "இவளுக்கு ஒரு குறையும் இல்ல. குறை எனக்குத்தான். டாக்டரே சொல்ட்டாங்க."

வரிசையில் நின்ற பூ விற்கிற அம்மா, "பாரேன் இவன, பொண்டாட்டிய வுட்டுக்குடுக்காம பயிய தம்மேல போட்டுகினு பேசுறான். இந்த மாதிரி புருசன் கெடைக்க குடுத்து வெச்சிருக்கணும்டி" என்றாள். பின்னால் ஒருத்தி, "இன்னா சொக்குப்பொடி போட்டாளோ!" என்றாள். வரிசை முழுக்கச் சிரித்தது. உண்மையைச் சொன்னால் நான் உத்தமன் ஆகிறேன், அவள் மறுபடியும் மலடியாகவே நிற்கிறாள்.

அவள் கூழை வாங்கிக்கொண்டு என்னோடு நடந்து வந்தாள். "வுடுயா. சொல்ல வேண்டிய நேரத்துல நீ சொல்லல. இப்ப எவளும் நம்ப மாட்டா" என்றாள். எங்களுக்குக் குழந்தை இல்லை. அவள் என்னை விட்டுப் போகவுமில்லை. தினமும் அம்மனைக் கும்பிடுகிறேன். எனக்கென்று எதுவும் கேட்பதில்லை.

கோயில் வாசலில் நோட்டீஸ் கொடுப்பார்கள், ஆயிரம் பிரதி அடித்துக் கொடுத்தால் புதையல் கிடைக்கும், கிழித்துப் போட்டால் ரத்தம் கக்குவான் என்று. நான் அப்படியெல்லாம் மிரட்டவில்லை. கெஞ்சித்தான் கேட்கிறேன். யாருக்காவது இதைச் சொன்னால் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். வீங்கியது எனக்கு. மறைத்தது நான். டாக்டரிடம் பொய் சொன்னது நான். அவள் உடம்பில் ஒரு குறையுமில்லை. இதை இப்படியே சொல்லுங்கள். நான் நல்லவன் என்று மட்டும் நடுவில் சேர்த்துவிடாதீர்கள். அதைச் சேர்த்தால் பழி திரும்பவும் அவள் மேல்தான் போகிறது.