அக்கா வந்த அன்று அறுந்த கம்பி

அக்கா மதுரைக்கு பி.எஸ்சி. இயற்பியல் படிக்கப் போனதிலிருந்து எனக்கு வீட்டில் எதுவுமே பிடிக்கவில்லை. அப்போது எனக்கு எட்டு வயது. அம்மா சடை பின்னினால் வலிக்கும். அக்கா பின்னினால் வலிக்காது. வத்தலக்குண்டிலிருந்து ஏறி வரும் ஒவ்வொரு பஸ்ஸின் இரைச்சலுக்கும் வாசலுக்கு ஓடி, ஏமாந்து திரும்புவேன். "கிறிஸ்மஸ் லீவுக்குத்தாண்டி வருவா. சோலியப் பாரு" என்று அம்மா விரட்டுவாள்.

ஒருவழியாக வந்தாள். அன்று காலையிலிருந்தே பேய்க்காற்று. பஸ் வருவதற்குச் சற்று முன்புதான் யூகலிப்டஸ் கிளை முறிந்து, கரண்டுக் கம்பி அறுந்து, வீட்டுக்கும் ரோட்டுக்கும் நடுவில் ஈரப் புல்லில் விழுந்திருந்தது. கம்பியைத் தொடாவிட்டால் ஒன்றும் ஆகாது என்பது எங்கள் செண்பகனூர்ச் சட்டம். பஸ்ஸிலிருந்து அக்கா இறங்கியதும் நானும் சமர்த்தாக ஒதுங்கித்தான் அவளிடம் ஓடினேன். எனக்கு முன்னால் போன பக்கத்து வீட்டுப் பசு, கம்பியைத் தொடாமலேயே பொத்தென்று விழுந்தது.

"நில்லுடி! ரெண்டு காலையும் சேத்து வச்சு அங்கனயே நில்லு!" ரோட்டிலிருந்து அக்கா அலறினாள்.

இத்தனை மாதம் காத்துக் கிடந்தவளைப் பார்த்து வராதே என்கிறாளே! எனக்கு அழுகை பொங்கியது. "அப்ப நீ வா!"

"நானும் வரக்கூடாதுடி, தங்கம்."

கண்டக்டர் கரண்ட் ஆபீசுக்கு ஓடினார். நான் அசைந்துவிடாமலிருக்க அக்கா பேசிக்கொண்டே இருந்தாள். "கம்பி விழுந்த எடத்துல மண்ணுல கரண்டு அழுத்தம் ஜாஸ்தி. தள்ளிப் போகப் போகக் கொறையும். நம்ம மலை ரோடு மாதிரி சரிவு. ஒரு காலு மேட்டுல, ஒரு காலு பள்ளத்துல இருந்தா கரண்டு ஒன் ஒடம்பு வழியா எறங்கிரும். மாடு நாலு காலையும் அகட்டி வச்சு நடந்துச்சு, பாவம்."

எனக்கு ஒரு எழவும் புரியவில்லை. அவள் கழுத்தைக் கட்டிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். பின்னாளில் நானும் கல்லூரியில் மின்னழுத்தச் சரிவு படித்தேன். அதற்குள் அக்கா கல்யாணமாகி வடக்கே போயிருந்தாள். இப்போதே அவளைப் பார்க்க வேண்டும் என்று வகுப்பிலேயே மனசு அடித்துக்கொண்டது.

அன்று, கரண்டை நிறுத்தியாயிற்று என்று கரண்ட் ஆபீஸ் ஆள் வந்து சொன்னதும் அக்கா பையை எறிந்துவிட்டு ஓடி வந்து என்னை இறுக்கிக்கொண்டாள். அவள் உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. மதுரை வெயிலில் இருந்துவிட்டு வந்தவளுக்கு மலைக் குளிர் தாங்கவில்லை போலும் என்று என் ஸ்வெட்டரைக் கழற்றிக் கொடுத்தேன். அதை முகத்தில் பொத்திக்கொண்டு விம்மி விம்மி அழுதாள்.

ஸ்வெட்டர் சின்னதாக இருப்பதற்கா இப்படி அழுவது என்று நான்தான் அவளைத் தேற்றினேன்.